இந்தி தெரிந்த சின்னாயி

சின்னாயிக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெருவோ, அவளைத்தான் நம்பியிருந்தது.

நாமக்கல்லுக்கு டிவி வந்த புதிது. தெருவுக்கே ஒரு டிவி, மாரக்காள் வீட்டில். வெள்ளிக்கிழமை தோறும் டெல்லியிலிருந்து ஒரு தொடர். பேச்செல்லாம் இந்தி. பெண்கள் ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, பதிமூன்று வயது சின்னாயி எழுந்து நின்றாள்.

"நான் சொல்றனுங்க."

இந்தி வகுப்புக்கு நாலே நாள் போய் நின்றுவிட்டவள். அந்தத் தைரியம்தான்.

அன்றிலிருந்து டிவி பக்கத்தில் அவளுக்கு நிரந்தர இடம். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். எல்லாமே அவள். கதையும் அவளுடையதுதான், சுத்தப் புளுகு. வாரம் முழுக்க அவள் அந்தப் பெட்டிக்குள்ளேயே வாழ்ந்தாள். தண்ணீர்க் குடம் தூக்கினாலும் அந்த மருமகளின் நடைதான்.

தொடரின் கடைசி வாரம். வெளியூர் போன கணவனைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு தந்தி வருகிறது. படித்த மருமகள் சரிந்து விழுந்து அழுகிறாள்.

சின்னாயிக்கு அந்தக் கணவனைச் சாகவிட மனசு வரவில்லை.

"நாளைக்கு ஊட்டுக்கு வாராராமா. அதான் சந்தோசத்துல அழுவுறா" என்றாள், மருமகளின் குரலிலேயே விசும்பிக்கொண்டு. பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கென்று பக்கத்துத் தெரு இந்தி வாத்தியார் சுவாமிநாதன் வந்திருந்தார்.

"என்ன புள்ள உளர்றே? அவன் செத்துட்டான்னு தந்தி வந்திருக்கு."

எல்லார் தலையும் சின்னாயி பக்கம் திரும்பியது. இனி டிவி பக்கத்தில் நிற்க முடியாது. தெருவில் தலைகாட்டவே முடியாது.

பின்னால் சுவரில் சாய்ந்திருந்த லாரி டிரைவர் ராசப்பன் மெதுவாகச் சொன்னார். "இல்லீங்க வாத்தியாரே. நான் இருவது வருசமா டெல்லிக்கு லாரி ஓட்டறேன். புள்ள சொன்னதுதான் சரிங்க."

இலக்கணம் படித்தவரைவிட லாரி ஓட்டியவரைத்தான் தெரு நம்பியது. வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராசப்பன் மாமாவும் நம்மைப் போல ஒரு புளுகர்தான் என்று சின்னாயி முடிவு கட்டினாள். பிழைத்தோம் என்றிருந்தது.

போன தைரியம் திரும்பி வந்தது. பள்ளிக்கூட நாடகம், பிறகு சேலத்தில் ஒரு நாடகக் குழு. நாலே வருஷத்தில் சென்னை டிவி நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது.

வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு ராசப்பனும் வந்திருந்தார். சின்னாயி ஜன்னல் வழியே ரகசியமாகச் சொன்னாள்.

"மாமா, நம்ம ரெண்டு பேருக்கும் இந்தி தெரியாதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

ராசப்பன் சிரித்துவிட்டார். "எனக்கு நல்லாத் தெரியும் சாமி. தெரியாமயா இத்தன வருசம் அங்க சோறு கேட்டு வாங்கித் தின்னேன்?"

"அப்ப அந்தத் தந்தி?"

"வாத்தியார் சொன்னதுதான் நெசம். அவன் செத்துத்தான் போனான்."

"அப்புறம் ஏனுங்க மாமா அப்படிச் சொன்னீங்க?"

பஸ் நகர்ந்தது. ராசப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"முன்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க அத்தன பேரும் டிரைவருங்க பொஞ்சாதி. அன்னிக்கு அவங்க புருசனுங்க எல்லாம் லாரியோட வடக்க போயிருந்தாங்க சாமி."