பூச்சடைப் படம்

கலியமூர்த்தி தம் குடும்பக் கதையை எழுதி, இடையிடையே பழைய புகைப்படங்களை ஒட்டி வந்தார். "எனக்கு உடன்பிறந்தோர் இல்லை" என்று அவர் பேனா எழுதியதும் ஒரு படம் சீறியது.

"பொய்! பூச்சடையும் ஜிமிக்கியுமாக என்னுள் நிற்கும் இந்தப் பெண் குழந்தை யாராம்?"

பேனா எழுதுவதை நிறுத்தியது. "ஐயோ, அத்தியாயத்தையே கிழிக்க வேண்டுமே!"

ஒட்டுவதற்காக அவர் படத்தைக் கவிழ்த்தார். பசைக்குப்பி குலுங்கிச் சிரித்தது.

"அட படமே, உன் முதுகை நீ பார்த்ததே இல்லையா? 'கலியமூர்த்திக்கு மொட்டை போடுமுன் சடை பின்னி எடுத்த படம்' என்று எழுதியிருக்கிறதே!"

படம் நாணியது. "அறுபது ஆண்டுகளாக இவரை அவள் என்றே நினைத்திருந்தேன்."

"இவருக்குச் சடை இருந்தது எனக்கும் தெரியாதே!" என்ற பேனா, படத்தின் கீழே ஆசையாக எழுதியது: "இது நான்."