மலை மேல் எடுத்த சிப்பி

கோட்டைச்சாமி கடைப் பலகையில் விரித்துக் கிடந்த மல்லுத்துணியின் இரண்டு பக்கமும் கையை வைத்து நடுவே தள்ளினான். துணி மடிந்து மடிந்து மேலே எழுந்தது.

“இந்தா, இதுதான் இமயமலை. நம்ம நாடு ஒரு காலத்துல தெக்க தனித் தீவாக் கெடந்துச்சாம். நகந்து நகந்து போயி வடக்க இருந்த பூமியில மோதியிருக்கு. நடுவுல கெடந்த கடல் தரை நசுங்கி மலையா எந்திரிச்சிருச்சு. எங்க இன்ஜினியர் சொன்னாக.”

போடி பஜாரில் அந்த வெயில் நேரத்துக்கு வேறு வேலை இல்லாதவர்கள் ஐந்தாறு பேர் கடைக்குள் நின்றார்கள். மோதினதற்குக் கேஸ் கீஸ் உண்டா, யார் மேல் தப்பு என்று ஒருவர் கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரர் வைகுண்டராஜ் மட்டும் துணி கசங்குவதைப் பார்த்து முனகினார்.

கோட்டைச்சாமி சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்தான். நம்பாதவன் வாயை அடைக்க அது ஒன்று போதும். கறுப்புக் கல், அதற்குள் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கடல் சிப்பி. எல்லையில் ரோடு போடும்போது பாறை இடுக்கில் தொங்கிக்கொண்டு தான் எடுத்தது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லச் சொல்ல அந்தப் பாறையின் உயரம் வேறு கூடிக்கொண்டே போகிறது.

“ஏய்யா கோட்டை, இங்கனயா இருக்க?”

படியில் மாயக்காள் நின்றாள். மயிலாடும்பாறையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள்.

அவள் மகன் சின்னக்கருப்பு இவனோடு அதே மலையில் ரோடு போட்டவன். போன தை மாதம் பனி சரிந்து மூடியதில் உடம்புகூடக் கிடைக்கவில்லை. லீவில் வந்த கோட்டைச்சாமிதான் அவனுடைய தகரப் பெட்டியைக் கொண்டுபோய் அவளிடம் ஒப்படைத்தான்.

கடையில் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளையைத் தின்ற மலையை வைத்து இங்கே கூத்து நடத்திக்கொண்டிருந்தோமே என்று கோட்டைச்சாமி கூசிப்போனான். அந்தக் கூச்சம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

“அந்த மலைக் கல்லு உங்கிட்ட இருக்குன்னு சொன்னாக. ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்யா.”

கொடுத்தான்.

அவள் கல்லைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். சுருளின் மேல் விரலை வைத்து மெதுவாக உள்ளே கொண்டுபோனாள்.

“அந்த மலை இன்னும் வளருதாம்ல? அப்ப எம்பிள்ளையையும் தூக்கிக்கிட்டுத்தான வளரும்?”

“ஆமாத்தா.” வருடத்துக்கு ஒரு நகத்தளவு என்று இன்ஜினியர் சொன்னதை அவன் சொல்லவில்லை.

அவளுக்கு அதில் ஒரு திருப்தி. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள்.

“ஏய்யா, அவன் ஆத்துக்குப் போனாலே மடி நெறையக் கல்லோடதான் வருவான். அவன் கண்ணுல இப்படி ஒண்ணு படலையாக்கும்?”

இந்தக் கேள்விக்குத்தான் கோட்டைச்சாமி ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“படலைத்தா.”

சொன்ன வேகத்திலேயே உடம்பெல்லாம் எரிந்தது. எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்று, “நீயே வச்சுக்க ஆத்தா” என்று கல்லை அவள் கையோடு சேர்த்து மூடினான். வாங்கிக்கொள், வாங்கிக்கொண்டு போய்விடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினான்.

மாயக்காள் அவன் விரல்களைப் பிரித்து, கல்லை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“அடுத்தவ பிள்ளை உசுரப் பணயம் வச்சு எடுத்தது எனக்கெதுக்குய்யா? எம்பிள்ளை எடுத்ததுன்னா மடியில கட்டிக்கிட்டுப் போவேன்.”

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது, மானங்கெட்ட வாய் திறக்கவில்லை.

அவள் அவன் தலையில் கை வைத்து, நீயாவது நல்லாயிரு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

“பெரிய மனசுய்யா ஒனக்கு,” என்றார் வைகுண்டராஜ். கேஸ் உண்டா என்று கேட்டவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். அவன் முக்காலியை விட்டு எழவில்லை.

ஊருக்கு வந்த முதல் நாள், ஒரே ஒரு தடவை டீக்கடையில் காட்டிவிட்டு அந்தத் தகரப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் அதை வெளியே எடுத்தான். “நீ எடுத்ததா?” என்று யாரோ ஆசையாகக் கேட்டார்கள். ஆமா என்றான். அவ்வளவுதான்.

கல்லைச் சுற்றியிருந்த காகிதம் இன்னும் அவன் வீட்டில்தான் கிடக்கிறது. ‘ஆத்தாவுக்கு’ என்று அதில் பென்சிலால் எழுதியிருந்தான் சின்னக்கருப்பு.