சுவருக்கு அந்தப்பக்கத்து மூச்சு

வைஃபை அலைகளின் பாதுகாப்பில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று சோதிப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. அன்று மதியம், பாஸ்வேர்டுகூடத் தெரியாமல், பக்கத்து வீட்டு அலையைத் தன் லேப்டாப்பில் பிடித்துவிட்டாள். ஆள் அசைந்தால், மூச்சு விட்டால்கூட, அந்த அலை கலையும்; அதை வைத்தே சுவருக்கு அந்தப்பக்கம் நினைவில்லாமல் படுத்திருக்கும் சபாபதியின் உருவம் திரையில் நிழலாகத் தெரிந்தது, அவர் மூச்சு கீழே ஒரு கோடாக ஓடியது. தொட்டால்கூட இனி அவருக்குத் தெரியாது என்று டாக்டர்கள் கைவிட்டு எட்டு மாதம். கோடு வெட்டி வெட்டித் துடித்தது. மங்கலாக இன்னோர் உருவம் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அதன் கைகள் அசைந்தன. கோடு அமைதியாகி, நீண்ட அலையாக ஏறி இறங்கியது. கைகள் நின்றதும் மறுபடி துடித்தது. மூன்று முறையும் அப்படியே. ஜெசிந்தா செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் காலிங்பெல்லை அழுத்தினாள்.

கதவைத் திறந்த அவர் மனைவி பூங்கோதையின் கைகளில் தைலம் மணத்தது.

"அக்கா, அவருக்குத் தெரியுதுக்கா! நீங்க கால் பிடிச்சுவிடும்போது மூச்சு சீராகுது. நிறுத்தினா தவிக்கிறாரு!"

"நெசமாவா?" பூங்கோதை அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கண்கள் நிறைந்து வழிந்தன. பிறகு பிடி மெல்லத் தளர்ந்தது.

"கதவச் சாத்திட்டுத்தானே பிடிச்சுவிட்டேன்?" என்று கேட்டபடி, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.