திருப்பத்தில் இரண்டு உறுமல்

"பேட்டரி வண்டி நமக்கு வேணாங்க. கேஸ் வண்டியே எடுத்துக்கலாம்" என்று ஷோரூம் படியேறும் முன்பே தேவயானி ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கணவர் தணிகைவேல் முன்னால் படியேறினார். அவர் எப்போதுமே பேச்சில் கஞ்சம். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களின் புடவைக் கட்டுகளை ஏற்றிப்போய் ஊர் ஊராக இறக்குவது அவர் தொழில். பதினாறு வருடம் ஓடிய டீசல் வண்டி இனிமேல் தாங்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டதால், புதுசு பார்க்க இருவரும் திருத்தணிக்கு வந்திருந்தார்கள்.

உண்மையில் தேவயானிக்கு கேஸ் மீது தனிப் பாசம் எதுவும் கிடையாது. அவளுக்கு வேண்டியது சத்தம்.

எல்லாம் ரீல்ஸ் செய்த வேலை. கணவர் லோடுக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டு விஜி வந்து போனைப் பிடிப்பாள், தேவயானி கூடத்தில் ஆடுவாள். 'குப்பத்து மயில்' என்று பெயர் வைத்துக்கொண்டு அதைப் போடுவாள். நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த சந்தோஷம், அதை விட அவளுக்கு மனசில்லை. ஆனால் கணவருக்குத் தெரியக்கூடாது. எப்போதோ டீக்கடையில் யாரோ ஒரு பெண் ஆடிய ரீல்ஸைப் பார்த்துவிட்டு வந்து, "வேலை இல்லாதவங்க பண்றது" என்று அவர் முகம் சுளித்தது அவளுக்கு மறக்கவே இல்லை.

டீசல் வண்டி இருந்தவரை கவலையில்லை. வயதான வண்டி, ஏரித் திருப்பத்துக்கு வரும்போதே இரண்டு முறை உறுமும். விஜி பின்வாசல் வழியாக நடையைக் கட்டுவாள், தேவயானி அடுப்படியில் கரண்டியோடு நிற்பாள். பேட்டரி வண்டி சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றால் அவள் கதை கந்தல்தான். முக்கியமாக, 'வேலும் மயிலும்' என்ற அந்த ரசிகரை இழக்க வேண்டிவரும். எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து பாராட்டும் புண்ணியவான் அவர். போன வாரம்கூட, "அருமை. இடது கையை இன்னும் கொஞ்சம் தூக்கணும், மேடம்" என்று அக்கறையாக எழுதியிருந்தார்.

விற்பனைப் பிரிவு சுசித்ராவிடம் தேவயானி தன் வாதங்களை அடுக்கினாள். எங்கள் ஊரில் கரண்டு அடிக்கடி போகும் என்றாள். சார்ஜ் ஏற்ற நாலு மணி நேரம் கரண்டு இருந்தால் போதும் என்றாள் சுசித்ரா. மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்குமே என்றாள் தேவயானி. அடிக்காது. லோடோடு மேடு ஏறாதே என்றதும் சுசித்ரா சிரித்தபடி சாவியை நீட்டினாள்.

"மலைக் கோயில் வரைக்கும் ஓட்டிப் பாருங்கண்ணா. மூட்டையும் ஏத்தித் தர்றோம்."

தேவயானி வெளியே நின்று, வண்டி பாதியில் நிற்க வேண்டும் என்று முருகனை மனமார வேண்டிக்கொண்டாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டது.

"ஆங், நல்லாத்தான் ஏறுது."

வண்டி வந்ததே தெரியவில்லை.

அதற்குள், எக்ஸ்சேஞ்சுக்காக அவர்கள் ஓட்டி வந்திருந்த பழைய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷோரூம் ஆள் தலையைச் சொறிந்தபடி வந்தார். "சைலன்சர்ல இவ்ளோ பெரிய ஓட்டை. பத்து நிமிஷம் வெல்டிங் வச்சா போதும். இன்னாத்துக்குண்ணா அப்படியே ஓட்டிகினு இருந்தீங்க?"

"நேரமில்ல" என்றார் தணிகைவேல். பேட்டரி வண்டிக்கே கையெழுத்தும் போட்டார். தேவயானி வீட்டுக்கு வந்ததும் விஜியிடம் சொல்லி அழாத குறைதான். "இனிமே ஆட முடியாதுடி. வேற ஏதாவது சமையல் கிமையல் போடுவோம்."

அடுத்த வாரம் வண்டி வந்தது. மலையில் பூஜை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அடிவாரத்துக்கு இறங்கினார்கள். தணிகைவேல் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, மாட்டுக் கழுத்தில் கட்டும் மணி ஒன்றை வாங்கி வந்தார். பெரிய மணி. அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக் கட்டினார்.

"ஹாரன்தான் இருக்கே, இது எதுக்குங்க?" என்றாள் தேவயானி சுரத்தில்லாமல்.

"ஹாரன் எல்லாரும்தான் அடிக்கறான். வர்றது நம்ம வண்டின்னு தெரிய வேணாமா?" அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். "பழைய வண்டின்னா ஏரித் திருப்பத்துல ரெண்டு தபா ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். இதுல மிதிச்சா சத்தம் வராதே."

தேவயானிக்கு ஒன்றும் புரியவில்லை. கயிற்றை இரண்டு முறை இழுத்து அடித்துப் பார்த்துவிட்டு, தணிகைவேல் வெட்கத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நீ எப்பவும்போல ஆடு. அந்த இடது கையை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கணும், மேடம்."