கிளட்ச் மிதிக்காத மாப்பிள்ளை

"கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனுக்கு நான் பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

சொல்லிக்கொண்டே ஸ்ரீஸ்கந்தராசா கறுப்புத் தோல் கையுறைகளை மாட்டினார். கார் ஓடுகிறவர்கள் போடுகிற, விரல் நுனி வெளியே தெரிகிற கையுறைகள். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். தன் வெள்ளவத்தை வீட்டு வாசலிலேயே குனிந்துதான் வருவார்.

எதிரே இருந்த கார்த்திகனுக்குத் தேத்தண்ணீரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அவருடைய மகள் உஷாந்தியைப் பெண் கேட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவன். கேற்றடியில் நின்ற அவனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் எட்டிப் பார்த்ததிலிருந்து, மாமனாராக வேண்டியவர் அதில் கிளட்ச் இல்லை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது பாடில் ஷிஃப்ட், அங்கிள். ஸ்டியரிங்குக்குப் பின்னால ரெண்டு தட்டு இருக்கு. விரலால இழுத்தா கியர் மாறும். ரேஸ் காருக்கெல்லாம் இப்ப அதுதான்."

"ரெண்டு தட்டோ? ஐசே, அது கார் இல்லை, சின்னப் பிள்ளையள் விளையாடுற சாமான். கியர் எண்டா காலால மிதிச்சு, கையால போட்டு, காதால கேக்கவேணும்."

"நீங்கள் கையை வைக்க முதலே அது மாத்திப்போடும், அங்கிள்."

"கலியாணம் கட்டினாப் பிறகும் எல்லாம் தானா மாறும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீரோ?"

குசினிப் பக்கம் சிரிப்புக் கேட்டது. உஷாந்தியின் தாய் கௌரி, பொரித்த பற்றிஸ் தட்டோடு வந்தார். கணவரின் தோளுக்கும் வராத சின்ன உருவம். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"உஷாந்தி பிறக்க முந்தியிருந்தே இந்த வீட்டில மெனுவல்தான் ஓடுது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "வாரும். கராஜில நிக்கிறதை எடும். மரைன் டிரைவால போய்த் திரும்பி வருவம். ஒருக்காலும் எஞ்சின் ஆஃப் ஆகேல்லையோ, கலியாணம். ஆஃப் ஆச்சுதோ, உம்மட விளையாட்டுச் சாமானில ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகலாம்."

கராஜில் நின்றது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். லைசன் எடுத்த நாளுக்குப் பிறகு கார்த்திகன் கிளட்ச்சைக் கண்ணால் கண்டதில்லை. கதவைத் திறந்தபோது உஷாந்தி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஆஃப் ஆகினா பதறாதீங்கோ. பேசாம இறங்கி அப்பாட்டக் குடுத்திடுங்கோ."

"அது மானம் போற வேலையெல்லோ?"

"ஓம், போகும்தான்," என்று சிரித்தாள்.

உள்ளே ஏறியதும் கார்த்திகனின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நாடி ஹோர்னைத் தொடும் போலிருந்தது. சீற்றைப் பின்னுக்குத் தள்ளக் கையைக் கீழே விட்டான்.

"சீற்றில கை வையாதேயும்! அது அளவு பார்த்து வைச்சது," என்று அதட்டினார் ஸ்ரீஸ்கந்தராசா, பக்கத்துச் சீற்றில் காலை நீட்டியபடி.

ரேஸ் ஓடுகிறவர்கள் இப்படிக் கிட்ட இருந்துதான் ஓடுவார்களாக்கும் என்று கார்த்திகன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மரைன் டிரைவில் தப்பிவிட்டான். தெரு மட்டமாக இருந்தது. கடற்காற்றும் நல்ல காற்று. ஸ்ரீஸ்கந்தராசா கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டார்.

"கேக்குதோ? அழுகுது. தேட் கியர் போடும். ஆ... இப்ப சிரிக்குது. உம்மட தட்டுக்கு இதெல்லாம் விளங்குமே?"

காலி வீதி என்கிற பெருந்தெருவுக்கு ஏறும் சின்ன ஒழுங்கையில் திரும்பியபோதுதான் வினை வந்தது. உச்சியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. கார்த்திகன் பாதி ஏற்றத்தில் பிரேக் போட்டான். பின்னால் ஒரு த்ரீவீலர், அதன் பின்னால் ஒரு மீன் வான்.

பஸ் போனது. கார்த்திகன் கிளட்ச்சை விட்டான். கார் ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். இந்த முறை குதிக்கவில்லை, பின்னுக்கு உருண்டது. த்ரீவீலர்க்காரர் தலையை வெளியே நீட்டிச் சிங்களமும் தமிழுமாகக் கத்தினார்.

"மல்லி! இஸ்ஸரஹட்ட யன்ன! முன்னுக்குப் போ மல்லி, முன்னுக்கு!"

மூன்றாம் முறையும் ஆஃப். ஹோர்ன் சத்தத்தில் ஒழுங்கை முழுக்க ஜன்னல்கள் திறந்தன. கார்த்திகன் ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். சுற்றி வந்து மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"அங்கிள், நான் தோத்திட்டன். உஷாந்திக்கு நானே சொல்லுறன். நீங்கள் இதை எடுங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசா சீற் பெல்ட்டைக் கழற்றவில்லை. பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"தம்பி," என்றார். அதுவரை ஐசே என்றவர். "கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம்."

"அங்கிள்? கார்தான் ஆஃப் ஆகிட்டுதே!"

"காரை விடும். ஆனா இந்தக் கதை ஒருத்தர் காதுக்கும் போகக்கூடாது."

"எந்தக் கதை?"

மீன் வான்காரன் ஹோர்னிலிருந்து கையையே எடுக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்ரிக்குக் கோல் எடும், தம்பி. இந்தக் காரை ஓடுறது அவதான்."