நீல வார்ச் செருப்பு

மெழுகுவத்தியை நீட்டிய பெண்ணிடம் எல்லம்மா தன் பெயரைச் சொல்லவில்லை.

பெயரைச் சொன்னால் யார் என்ன என்று பேச்சு வளரும். அப்பாதுரையின் மனைவி என்று சொல்ல வேண்டிவரும். நேற்றிலிருந்து இந்த ஊரில் அப்பாதுரை என்றால் தீப்பிடித்ததும் ஓடிப்போன வாட்ச்மேன்.

பதினெட்டு மாடிக் கட்டடம். ஒன்பதாவது மாடிக்கு மேலே சுவரெல்லாம் கரி. இறந்தவர்கள் பதினோரு பேர். பத்துப் பேருடைய படங்களை ஃப்ளெக்ஸில் அச்சடித்து கேட்டருகே கட்டியிருந்தார்கள். பதினோராவது ஆளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. விடியற்காலையில் பால் பாக்கெட் போட வந்தவராக இருக்கலாம் என்று டிவியில் சொன்னார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கே தெரு நிறைந்துவிட்டது. கட்டடம் கட்டியவர்களைப் பற்றியும், தண்ணீர் வராத தீயணைப்புக் குழாயைப் பற்றியும் நாலு பேர் மைக்கில் பேசினார்கள். யாரும் சரியாகக் கேட்கவில்லை. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அப்பாதுரையின் முகம் எல்லோருடைய போனிலும் இருந்தது.

கூடவே இன்னொரு படமும். ஈரத் தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார். உயிருக்குப் பயந்து செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிய காவலாளி என்று கீழே எழுதியிருந்தது.

அந்தப் படத்தைக் காலையிலிருந்து எல்லம்மா நூறு முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். இடது வாரில் அவள் குத்திக்கொடுத்த ஊக்குகூடத் தெரிந்தது. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. செருப்பை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மர்பி டவுனில், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் ரூபினி அணைந்து கிடக்கும் அப்பாவின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தாள். எல்லம்மா கிளம்பும்போது அவள் நிமிராமலே சொன்னாள்.

"ஓடியிருந்தா ஓடட்டும்மா. எங்கியாவது உயிரோட இருப்பாருல்ல."

எல்லம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர். கண்ணெதிரே கிளம்பும் பஸ்ஸை நின்று வழியனுப்பிவிட்டு, பின்னாலேயே காலியாக ஒன்று வரும் என்பார். வராது. அதற்கும் சிரிப்பார்.

மெழுகுவத்தி கொடுத்தவள் எதிர் பிளாக்கில் குடியிருக்கிறாளாம். பெயர் ஸ்ரீவித்யா என்று அவளே சொன்னாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். எல்லம்மா கையிலிருந்த போனில் அதே படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"செருப்பு போட்டுக்கக்கூட நேரமில்ல பாருங்க அவனுக்கு. அலாரம் பெல்லை ஒரு தடவ அழுத்தியிருந்தா போதும், பதினோரு பேரும் உயிரோட இருந்திருப்பாங்க."

இது எங்கே எடுத்த படம் என்று எல்லம்மா கேட்டாள்.

கேட்டில்தான் இருக்கும், ஓடினவன் வேறெங்கே விடுவான் என்றாள் ஸ்ரீவித்யா.

எல்லம்மா கேட்டைப் பார்த்தாள். பூக்களும் மெழுகுவத்திகளும் இருந்தன. செருப்பு இல்லை.

அவள் கூட்டத்தை விட்டு விலகி, காம்பவுண்டை ஒட்டியே பின்பக்கம் நடந்தாள். அப்பாதுரைக்குச் சாப்பாடு கொண்டுவந்து பழகிய வழி. ஸ்ரீவித்யா ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

பின்பக்கப் படிக்கட்டின் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாலடி தள்ளி, சுவரோரம், நீல வார்.

ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று கிடக்கவில்லை. இரண்டும் ஒட்டி இருந்தன. குதிகால் பக்கம் வெளியே. விரல் பக்கம் படிக்கட்டைப் பார்த்து.

எல்லம்மா வெகுநேரம் நின்றாள். கையில் மெழுகு உருகி வழிந்தது. அதை ஊதி அணைத்தாள்.

யார் என்று கேட்ட கான்ஸ்டபிளிடம், அந்தச் செருப்புக்காரரின் சம்சாரம் என்றாள். அவர் எழுந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் உள்ளேதான் இருக்கிறார், வந்து பேசும்மா என்று கதவைத் திறந்துவிட்டார்.

வாசலில் எல்லம்மா நின்று தன் செருப்பைக் கழற்றினாள். அப்பாதுரையின் செருப்புக்குப் பக்கத்தில், அதே மாதிரி, ஒட்டி வைத்தாள்.

கழற்ற வேண்டாம், உள்ளே முழுக்கக் கண்ணாடித் தூள் என்று கான்ஸ்டபிள் பதறினார்.

"இருக்கட்டும் சார். இந்த பில்டிங்ல வேலை செய்றவங்க செருப்ப இங்க விட்டுட்டுத்தான் மேல ஏறணும். ரூல்ஸு. அவரும் விட்டுட்டுதான் ஏறியிருக்காரு."

கான்ஸ்டபிள் இரண்டு ஜோடிகளையும் பார்த்தார். பிறகு படிக்கட்டை, அது கருத்துப்போய் வளைந்து மேலேறும் இடம்வரை பார்த்தார்.

ஸ்ரீவித்யா தன் காலிலிருந்த ஷூவைப் பார்த்தாள். எதிர் பிளாக்கிலும் அதே விதிதான்.

எல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே ரூபினி எடுத்துவிட்டாள். அப்பாவா என்று கேட்டாள்.

"அப்பா ஓடலடி" என்றாள் எல்லம்மா.

சுவருக்கு அந்தப்பக்கம் மைக்கில் யாரோ பத்துப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடியும்வரை காத்திருந்தாள்.

"கெளம்பி வா. வர்றப்போ அவரு போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வா. நல்லதா பாத்து எடு."