முதலில் குழந்தையைக் காட்டுங்க

"இன்னிக்கு விசாக் கட்டணம் வரலைன்னா நாங்க வேற பொண்ணைப் பார்த்துக்குவோம்மா. ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்றாள் செல்போன் திரையில் இருந்த சீமாட்டி.

கழுத்துவரை கம்பளிச் சட்டை. முதுகுக்குப் பின்னால் இழுத்து மூடிய திரைச்சீலை. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கிறதாம். பிழைக்கப் போன நாட்டிலேயே தங்கிவிட்ட நம் ஆட்கள்தான். அவர்கள் வீட்டோடு தங்கி மூன்று வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்ச நேரத்தில் அந்த நாட்டுப் பாஷையைப் படிக்கலாம், கைச்செலவுக்கும் கொடுப்பார்கள்.

அம்மா தையல் மெஷினுக்குப் பக்கத்தில், திரையில் விழாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். கழற்றிய வளையல்கள் கைக்குட்டையில் தயாராக இருந்தன. தெருமுனை அடகுக்கடை மூடுவதற்குள் ஓட வேண்டும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு ஒற்றை மகளை அனுப்புவதாவது.

மகளோ அசைந்து கொடுக்கவில்லை. "நான் வேலை பார்க்கிற குழந்தைங்க காப்பகத்துல, கூட்டிட்டுப் போக வந்தவங்க முகத்தைப் பார்க்காம பிள்ளையைக் கையில கொடுக்க மாட்டோம். நானும் பிள்ளையைப் பார்க்காம பணம் கட்ட மாட்டேன். முதல்ல குழந்தையைக் காட்டுங்க."

குழந்தை தூங்குகிறது என்றாள் சீமாட்டி. எழுந்ததும் காட்டுங்கள் என்றாள் மகள். குழந்தைக்குச் சளி, புது முகம் பார்த்தால் அழும் என்றாள். அழுகிற பிள்ளைகள் தனக்குப் பழக்கம்தான் என்றாள் மகள். அம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கிடைக்கிறதை வாயால் கெடுத்துக்கொள்வதில் இவள் அப்படியே அப்பாவைக் கொண்டிருக்கிறாள். அவள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள். சாயங்காலம் புதுத் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றவள்தானே. அந்தக் கோபமும் அந்தக் கிள்ளில் சேர்ந்திருந்தது.

சீமாட்டி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். கொஞ்ச நேரம் வெறும் திரைச்சீலைதான் தெரிந்தது. பிறகு ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொழுகொழுவென்று, பச்சை நாடா கட்டிய இரட்டைக் குடுமியோடு இருந்தது அது. திரையைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. "அக்கா" என்று கூவி, இரண்டு கைகளையும் நீட்டித் தாவப் பார்த்தது.

"பார்த்தியா, உன் போட்டோவைக் காட்டிக் காட்டி இப்பவே ஒட்டிக்கிச்சு" என்று சிரித்தாள் சீமாட்டி.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் போகிற இடத்தில் ஒரு பிள்ளையின் பாசமாவது காத்திருக்கிறதே. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மகள் மட்டும் கல்லாய்ச் சமைந்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "பாப்பா நம்ம ஊருக்கு வந்திருக்காளாங்க?"

"எங்கே வர்றது? பொறந்ததிலேருந்து இந்தக் குளிர்லதான் கிடக்குறா. சரி, பணம் எப்ப வரும்?"

"வராதுங்க" என்று சொல்லி மகள் இணைப்பைத் துண்டித்தாள்.

அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. தேடி வந்த வாழ்க்கையை உதைத்துத் தள்ளிவிட்டாயே, அந்தப் பச்சைக் குழந்தை உன்னைப் பார்த்துக் கையை நீட்டியதே, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

மகள் கைக்குட்டையைப் பிரித்து, வளையல்களை அம்மாவின் கையில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். கண்ணில் நீர் ஓடியது, வாயோ சிரித்தது. பெரிய மூச்சொன்றை விட்டு, அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"காப்பகத்துல தினமும் என் கையாலதாம்மா அவ சாப்பிடுவா" என்றபடி துப்பட்டாவின் கிழிந்த பச்சை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இன்னிக்கு மத்தியானம் ரிப்பனைத் தொலைச்சுட்டு அழுதா, இதைக் கிழிச்சு நான்தான் குடுமி கட்டிவிட்டேன்."